ஆட்சி மாற்றமும் அராசகமும்

கேள்வி: ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டில் ஆட்சிமுறையை மாற்றினால் நாடே குழம்புகிறதே, ஏன்? யாழ்ப்பாணத்தில் அப்படி நடந்ததுண்டா?
— வாசகர், மயிலிட்டி

பதில்: 1991இல் சிட் மையர் உருவாக்கிய முதல் ‘சிவிலைசேஷ’னில் ஒவ்வொரு நாடும் கொடுங்கோன்மையில் தொடங்குகிறது. முடியாட்சிக்கோ குடியரசுக்கோ மாறப் புரட்சி வேண்டும். அதன்பின் சில சுற்றுகள் அராசகம். பழைய ஆணை செல்லாது, புதியது இன்னும் பிறக்கவில்லை. பிரமிடு கட்டியவருக்கு மட்டும் இந்தத் தவிப்பு இல்லை. மற்றவர்கள் களஞ்சியம் நிறைந்து, எல்லை அமைதியாக இருக்கும் காலம் பார்த்து மாறுவதே கெட்டித்தனம்.

யாழ்ப்பாணத்துச் சங்கிலிக்கு அந்தக் காலம் வாய்க்கவில்லை. 1617இல் மன்னர் எதிர்மன்னசிங்கம் இறந்ததும் அதிகாரத்தைக் கைப்பற்றினார். மறு ஆண்டே உள்நாட்டுக் கிளர்ச்சி. தஞ்சை நாயக்கரின் படை வந்துதான் அவர் நிலைத்தார். குழப்பம் ஓயுமுன்னே போர்த்துக்கீசர் வந்துவிட்டனர். 1619இல் அவர்களின் தளபதி பிலிப் டி ஒலிவேரா படையெடுத்து நாட்டைப் பிடித்தார். சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். விளையாட்டில் தோற்றவர் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். சங்கிலியின் தலைநகரான நல்லூருக்கு அது கிடைக்கவில்லை. மயிலிட்டிக் கரை உட்படக் குடாநாடு முழுவதும் 1658இல் ஒல்லாந்தர் பிடிக்கும்வரை போர்த்துக்கீசர் ஆட்சியிலேயே இருந்தது.