காஸ்டிரைட்டிஸ் அண்ணன்

மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டனுக்குக் கிளம்பும் எந்த வேனிலும் முன் இருக்கை அண்ணனுக்குத்தான். பின்னால் உட்கார்ந்தால் வளைவுகளில் "எல்லாம் மேல வந்திரும்". மடியில் ஒரு மருந்துப் பை. வயிற்றுப் புண், உப்புசம், அமிலம் தொண்டைவரை ஏறும் நெஞ்செரிச்சல், பழைய கடன்காரரின் ஃபோன் என எது வந்தாலும் அவர் அகராதியில் ஒரே பெயர்: காஸ்டிரைட்டிஸ். (நெஞ்சை அழுத்தி, இடக்கைக்கு வலி ஓடி, வியர்த்தால் மட்டும் அகராதியை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

ரத்தோட்டையில் தேநீர்க் கடை. "தம்பி, நமக்கு ஒன்னும் வேணாம். காஸ்டிரைட்டிஸ்." அடுத்த மூச்சில், "வெறும் வயித்தோடயும் இருக்கக் கூடாதுன்னு டொக்டர் சொன்னாரு." டொக்டரின் சொல்லைக் காப்பாற்ற நான்கு வடை, இரண்டு ரோல்ஸ், சாயம் கூடிய பிளேன்டி. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டிய ஒமெப்ரசோல் மாத்திரையைக் கடைசி ஏப்பத்தோடு போட்டுக்கொள்வார். மலை வளைவுகள் தொடங்கியதும் வாயில் பெப்பர்மின்ட்.

உணவுக்குழாயின் அடியில் வட்டத்தசை ஒன்று காவல்காரனாக நிற்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, இறங்கியதும் மூடிக்கொள்வது அதன் வேலை. எண்ணெய்ப் பண்டம், சாக்லேட், கோப்பி, புதினா, சிகரெட் எல்லாம் பலருக்கு அந்தக் காவல்காரனைத் தூங்க வைக்கும். வயிறு முட்டத் தின்று பெல்ட்டையும் இறுக்கினால், அவன் விழித்திருந்தாலும் கதவு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, தொப்பையையும் சற்றுக் குறைத்தால் அவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

இதை அண்ணனிடம் சொன்னேன். அப்போது ரிவர்ஸ்டன் கணவாயில் ஆளையே தள்ளும் காற்று. தொப்பியைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்: "வடை என்ன செய்யும் தம்பி? இந்தக் காத்துத்தான் உள்ள பூந்திருச்சு. வாயு!"

பிட்டவல பத்தன புல்வெளியில் சோற்றுப் பார்சல் பிரிந்தது. பொரித்த கோழி, லுனுமிரிஸ். கை கழுவிய ஈரம் காயுமுன் புல்லில் மல்லாந்துவிட்டார். சாப்பிட்டபின் இரண்டு மூன்று மணிநேரமாவது படுக்கக் கூடாது என்றால், "படுக்கல, சாஞ்சிருக்கேன்."

சரிவில் நின்ற வேனின் சில்லுக்குக் கீழே டிரைவர் தம்பி ஒரு கல்லை வைத்தார். "ஏன்டா?" என்றார் அண்ணன்.

"சரிவுல சும்மா விட்டா உருண்டு வந்திரும்ணே. உங்க சோறும் அப்பிடித்தான்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அரை நூற்றாண்டு வைத்தியம் செய்யாததை ஒரு கல் செய்தது. வீட்டுக்குப் போனதும் கட்டிலின் தலைமாட்டுக் கால்களைச் செங்கல் வைத்து அரையடி உயர்த்தப் போவதாகச் சபதமெடுத்தார். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அழுந்தும், செங்கல்தான் சரி என்று எனக்கே பாடமெடுத்தார். இடப்பக்கம் திரும்பிப் படுப்பதாகவும் வாக்களித்தார்.

ஒரு வாரத்தில் ஃபோன். "செங்கல் வச்சும் கேக்கல தம்பி. முன்னவிட மோசம்."

நேரில் போய்ப் பார்த்தேன். செங்கல் ஒழுங்காகத்தான் இருந்தது. அக்காதான் விளக்கினார்: "உசத்துன பக்கம் வடக்குங்க தம்பி. வடக்க தல வைக்கலாமா? இவரத் திருப்பிப் படுக்கச் சொல்லிட்டேன்."

அண்ணனின் கால்களுக்கு இப்போது நெஞ்செரிச்சல் அறவே கிடையாது.