நாற்பது வாட் பாவம்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு செய்த காரியத்தை இன்று ப்ராசசர் கம்பெனிகள் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்கின்றன. 300 மெகாஹெர்ட்ஸ் என்று முத்திரை குத்திய ப்ராசசரை 450இல் ஓட்டுவது அப்போது ஏறக்குறைய ஒழுக்கக்கேடு. ஓவர்கிளாக்கிங் என்று சென்னை ரிச்சி தெருவில் வாய்விட்டுக் கேட்டால், கடைக்காரர் முதலில் அக்கம்பக்கம் பார்ப்பார். பிறகு நம்மைப் பார்ப்பார். படிக்கிற பையன் மாதிரி இருக்கிறானே, இவனுக்கு ஏன் இந்தப் புத்தி என்பது போல ஒரு பார்வை.

புத்திக்குக் காரணம் விலை. 1998 ஆகஸ்டில் இன்டெல் இரண்டு ப்ராசசர்களை இறக்கியது. பென்டியம் டூ 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். செலரான் 300ஏ, 149 டாலர். முன்னது அதிகாரிக்கு, பின்னது ஏழைக்கு. அடிக்கடி தேவைப்படும் விவரத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் எல்டூ கேஷ் என்ற சமாச்சாரமே இதற்கு முந்தைய செலரானில் கிடையாது; ஊர் சிரித்தது. அந்த அவமானத்தைத் துடைக்க 300ஏ-வில் 128 கிலோபைட் கேஷை ப்ராசசர் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள். அது ப்ராசசரின் முழு வேகத்தில் ஓடியது. பணக்காரப் பென்டியம் டூவிலோ 512 கிலோபைட் தனிச் சில்லுகளாக வெளியே உட்கார்ந்து பாதி வேகத்தில் ஓடியது. ஆக, ஏழையின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் அதிகாரியோடு தோள் உரசி நிற்பான். கேம் ஆடுகிறவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விற்பனைப் பிரிவு கவனிக்காமல் விட்ட ஓட்டை இது என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

கணக்கு எளிது. மதர்போர்டு தரும் தாளம் 66 மெகாஹெர்ட்ஸ், ப்ராசசர் அதை நாலரையால் பெருக்கிக்கொள்ளும், 300. நாலரையைத் தொட முடியாது, பூட்டு போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டு எங்களுக்காகப் போட்டது இல்லை. குறைந்த வேக ப்ராசசரின் மேல் எழுத்தை அழித்துப் பெரிய எண்ணை அச்சடித்து விற்கும் ஒரு கும்பல் உலகம் முழுக்க இருந்தது, பூட்டு அவர்களுக்கு. ஆனால் தாளத்துக்குப் பூட்டு இல்லை. 66ஐ 100 ஆக்கினால் 450.

இதில் எனக்குக் கிடைத்த குரு ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த ஓர் அண்ணன். மதர்போர்டு வாங்கும்போது மெல்லக் கேட்டேன்.

"தம்பி, போடறதுன்னா நேரா நூறுல போடு. எழுபத்தஞ்சு, எண்பத்திமூணுன்னு நடுவுல போய் நிக்காத. ஹார்ட் டிஸ்க்கு காலி."

"நூறு அதிகமில்லையாண்ணே? கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாத்தானே பத்திரம்?"

"சொன்னாக் கேளு தம்பி."

காரணம் சொல்ல அவருக்கு நேரம் இல்லை. பின்னால் நாலு பேர் நின்றார்கள். காரணம் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கவனிக்கும் பிசிஐ பாதை 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. 440பிஎக்ஸ் சிப்செட் போட்ட மதர்போர்டில் 66 என்றால் அதில் பாதி பிசிஐக்குப் போகும், 33. 100 என்றால் மூன்றில் ஒரு பங்கு போகும், மறுபடி 33. நடுவில் 83இல் நிறுத்தினால் பாதி என்பது 41 சொச்சம். ப்ராசசர் தாங்கும், டிஸ்க்கில் எழுதுகிற விவரம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். பாதி தூரம் தாண்டுவதைவிட முழுசாகத் தாண்டுவதே பத்திரம் என்கிற விசித்திரமான விதி அந்த போர்டில் மட்டும் உண்மையாக இருந்தது. வாழ்க்கையின் மற்ற விஷயங்களில் இதைப் பின்பற்றியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் கதை வேறு.

கணினியின் அடிப்படைச் செட்டிங்குகள் இருக்கும் பயாஸிலேயே தாளத்தையும் வோல்டேஜையும் மாற்ற விடும் போர்டுகள் அப்போது வந்துவிட்டன. அதற்கு வசதியில்லாதவர்கள் ப்ராசசர் அட்டையில் பி21 என்ற ஒரே ஒரு பின்னின் மேல் துண்டு டேப் ஒட்டினார்கள். போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் தாளத்து ப்ராசசர் என்று நம்பிவிடும். நெயில் பாலிஷ் தடவியவர்களும் உண்டு. அக்காவின் டிரஸ்ஸிங் டேபிளில் பாட்டில் காணாமல் போனதற்கும் எங்கள் வீட்டில் கணினி வேகமானதற்கும் தொடர்பு இருப்பதாக அவள் இன்றுவரை நம்புகிறாள். நான் மறுக்கவில்லை.

பிறகுதான் சோதனை. அதற்கு ப்ரைம்95. மெர்சென் பகா எண்களைத் தேடும் தன்னார்வலர்களுக்காக எழுதிய ப்ரோகிராம். அந்தத் தேடலில் ஒரு கணக்கு தப்பினால் வாரக்கணக்கான உழைப்பு வீண் என்பதால், ப்ராசசரைப் பிழிந்து, விடை தெரிந்த கணக்குகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துத் தவறு வருகிறதா என்று பார்க்கும் வசதியையும் அதில் வைத்திருந்தார்கள். நாங்கள் அந்த வசதிக்காகவே அதை வைத்துக்கொண்டோம். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை உள்ளே பார்க்கத் திருப்பி, இரவு முழுக்க ஓட விடுவது வழக்கம்.

"என்னடா அது ராத்திரி பூரா ஓடிக்கிட்டு இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"பகா எண் கணக்கும்மா."

"கண்டுபிடிச்சா காசு குடுப்பாங்களா?"

சிரித்தேன். சிரித்திருக்க வேண்டியதில்லை. 1999இல் இதே ப்ரோகிராமை வைத்து இருபது லட்சம் இலக்கங்களுக்கு மேல் உள்ள ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 50,000 டாலர் பரிசும் கிடைத்தது. கேள்வி சரி. நான் ஓட்டியதுதான் காசு வராத பகுதி.

ராத்திரி முழுக்க ஓட்டுவதற்கு அர்த்தம் இருக்கிறது. கணினி ஹேங் ஆனால் தெரிந்துவிடும்; கணக்கை மட்டும் தப்பாகப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருந்தால்தான் ஆபத்து. அதுவும் விண்டோஸ் 98 காலம். நீலத்திரை வந்தால் குற்றவாளி ப்ராசசரா, மைக்ரோசாஃப்டா என்று சொல்ல ஆள் இல்லை. ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் அது தினசரி வந்துகொண்டிருந்தது. ப்ரைம்95 மட்டும்தான் நடுநிலையான சாட்சி.

இவ்வளவு பாவத்தின் அளவு என்ன என்று பின்னால் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ப்ராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். 300ஏ ஆரம்பத்தில் சுமார் 19 வாட். வேகம் ஒன்றரை மடங்கு, வோல்டேஜ் 2.0இலிருந்து 2.2 என்று வைத்தாலும் 35 வாட்டைத் தொடாது. கழிவறையில் எரிந்த 40 வாட் குண்டு பல்பைவிடக் குறைவு. பத்திரமான ஓவர்கிளாக்கிங் என்பது பெரும்பாலும் அந்த வர்க்கத்துக்குப் பயப்படுவதுதான். வேகத்தைக் கூட்டு, வோல்டேஜில் கை வைக்குமுன் இரண்டு தடவை யோசி.

நடுவில் பல பருவங்கள் வந்து போயின. 2000 வாக்கில் ஏஎம்டி ப்ராசசர்களின் பூட்டைச் சாதாரணப் பென்சிலால் திறந்தார்கள். மேற்பரப்பில் துண்டித்து வைத்த சின்னச் சின்னப் பாலங்களுக்குக் குறுக்கே கிராஃபைட் கோடு போட்டால் மின்சாரம் பாயும். அழிரப்பரால் அழித்தால் குற்றத்துக்குத் தடயம் இல்லை. வாரண்டி வரலாற்றில் இதைவிட நாகரிகமான காலம் வரவில்லை. 2011இல் இன்டெல் தாளத்தையும் அசைக்க முடியாதபடி கட்டிவிட்டது. பூட்டில்லாத ப்ராசசர் வேண்டுமா, பெயருக்குப் பின்னால் 'கே' போட்டதை வாங்கு. 2500க்கு 205 டாலர், 2500கே-வுக்கு 216. கள்ளச்சாவியை 11 டாலருக்குக் கம்பெனியே விற்றது. அதற்கு முந்தைய வருடம் இன்னும் ஒரு படி மேலே போய், விற்ற ப்ராசசருக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்த வசதிகளை எழுப்ப 50 டாலருக்கு ஓர் அட்டை விற்றார்கள். அது ஓடவில்லை. நமக்கு வெட்கமில்லை என்றாலும் கொஞ்சம் ரோஷம் இருக்கிறது.

இப்போது நிலைமை தலைகீழ். 2024 மார்ச்சில் வந்த ஐ9-14900கேஎஸ் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே 6.2 கிகாஹெர்ட்ஸைத் தொடும்; முழு பாரத்தில் 253 வாட் கேட்கும். அதற்கு மேலும் வரம்பில்லாமல் விடும் மதர்போர்டுகளும் சந்தையில் இருந்தன. அண்ணனும் நானும் செய்த பாவத்தைப் போல ஏழு மடங்கு, அதுவும் கம்பெனிச் சிபாரிசுடன். ஜூஸ் கடையில் நாலாவது தடவை மெஷினுக்குள் போய் வந்த கரும்பைத்தான் இப்போது பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். நாம் பிழிய அதில் என்ன மிச்சம்?

அந்த வருடமே இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை ப்ராசசர்கள் சில, யாரும் கை வைக்காமலே தடுமாறுவது ஊரறிய வெளிவந்தது. ப்ராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னையே தேய்த்துக்கொண்டது என்று இன்டெலே சொன்னது. ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடு திருத்தத்தைக் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. 2023இல் ஏஎம்டி தரப்பிலும் ஒரு கூத்து. ரேமை வேகமாக்கும் வசதியை ஆன் செய்தபோது சில போர்டுகள் ப்ராசசரின் எஸ்ஓசி பகுதிக்குத் தாராளமாக வோல்டேஜ் ஊற்றின. எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில கருகின. புது பயாஸ் அதை 1.3 வோல்ட்டில் கட்டிப்போட்டது. நாங்கள் பயந்து பயந்து 0.05 வோல்ட் ஏற்றிய காலத்தை நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சூழ்நிலையில்தான் அக்கா மகன் ரைசன் 7950எக்ஸ் போட்ட மெஷினோடு வந்தான். குறும்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறான்.

"மாமா, நீங்க அந்தக் காலத்துல பெரிய ஓவர்கிளாக்கராமே. அம்மா சொன்னாங்க. இதையும் ஏத்திக் குடுங்க."

அக்கா நெயில் பாலிஷைப் பற்றிச் சொன்னாளா என்று கேட்கவில்லை. ரெண்டர் ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். ஏறிய வேகத்தில் 95 டிகிரிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்தது. பதற வேண்டாம், அந்தத் தலைமுறையை 95இல் ஓடும்படிதான் வடிவமைத்தோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 95ஐத் தொடும்வரை ஏறு, தொட்டபின் அதற்குள் முடிந்ததைச் செய் என்பது அதன் தர்மம். ஹீட்சிங்க்கை எடுத்தால் புகை விட்டுச் செத்த பழைய ஏஎம்டி அத்லான்களோடு ஒப்பிட்டால் இது ஞானி.

முதலில் பயாஸைப் புதுப்பித்தேன். அடுத்து, அவன் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 4800இல் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்போ என்ற ஒரு சுவிட்சை ஆன் செய்யாததால். செய்தேன். பிறகு ப்ராசசரை ஈகோ மோடில் 65 வாட்டுக்கு இறக்கினேன். 170 வாட்டுக்குப் பிறந்த ப்ராசசர் அது. கர்வ் ஆப்டிமைசர் என்ற செட்டிங்கில் வோல்டேஜை மைனஸ் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒவ்வொரு தடவையும் சோதனை ஓட்டி, தடுமாறிய இடத்திலிருந்து தாராளமாகப் பின்வாங்கி நிறுத்தினேன். எந்த எண்ணை எப்போது மாற்றினேன் என்று நோட்டில் எழுதினேன். பழைய பழக்கம் எல்லாம் அப்படியே வேலை செய்தது, திசை மட்டும் கீழ்நோக்கி.

"என்ன மாமா, வேகமாக்கச் சொன்னா இறக்கி வெச்சிருக்கீங்க?"

"ரெண்டர் போட்டுப் பாரு."

போட்டான். நேரம் கூடியது, ஆனால் அவன் பயந்த அளவுக்கு இல்லை. சூடு எழுபதுக்குக் கீழே. ஃபேன் இரைச்சல் அடங்கி, அடுத்த அறையில் அக்கா தொலைபேசியில் பேசுவது கேட்டது. அவனுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. அவன் நண்பர்களிடம் சொல்ல ஓர் எண் வேண்டும், பெரிய எண்.

வேடிக்கை என்னவென்றால், ஏஎம்டியின் சின்ன எழுத்து அறிவிப்பின்படி வரையறைக்கு வெளியே வேகத்தைக் கூட்டினாலும் வாரண்டி போகும், வோல்டேஜைக் குறைத்தாலும் போகும். எக்ஸ்போவும் அதில் அடக்கம். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் நான் குற்றவாளிதான். ஒரே வித்தியாசம், இப்போது மின்கட்டணம் என் பக்கம்.

இதைப் படித்துவிட்டு பயாஸைத் திறக்கப் போகிறவர்களுக்கு: முக்கியமான கோப்புகளுக்கு முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். பயாஸ் செட்டிங்கை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் க்ளியர் சிமாஸ் போர்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். சோதனையை டிசம்பரில் செய்து நிம்மதி அடையாதீர்கள். அறையில் 15 டிகிரி கூடினால் ப்ராசசரிலும் ஏறக்குறைய அவ்வளவே கூடும். கத்திரி வெயிலில், ஏசி போடாத அறையில், பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதில் தேறாத செட்டிங்கை மாற்றிவிடுங்கள்.