பேய்களின் போஜன ஆசாரம்

பேய்களைப் பற்றி இதுவரை பேசியோர் அவற்றைக் கண்டு ஓடியவர்கள், அல்லது வேப்பிலையும் கையுமாக அவற்றை ஓட்டியவர்கள். இவ்விரு சாராருக்கும் நின்று ஆராய அவகாசம் கிட்டாமற் போனமையால், இந்தச் சாஸ்திரம் புளியா முருங்கையா என்னும் மர விசாரணையோடு தேங்கிவிட்டது. அவ்வழக்கை வேதாளத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு, சோற்றைக் கண்டதும் பாய்பவனைப் ‘பேயாய்ப் பறக்கிறான்’ என்று நாம் வைவது நியாயந்தானா என்பதை மட்டும் ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

இதற்குத் தலையாய பிரமாணம் சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கரை வென்ற களத்தில், நெடுநாட் பசியால் வயிறு ஒட்டிய பேய்கள் காளியின் ஆணைப்படி கூழ் அடுகின்றன. அப்பசியிலும் அவை பறந்தனவா? யானைக் கொம்பால் பல் விளக்கி, யானை விலாவெலும்பால் நாக்கு வழித்து, வெண்மூளையைச் சீயக்காய்போல் தேய்த்துத் தலையின் எண்ணெயைப் போக்கி, குருதி மடுவில் நீராடிய பின்னரே சமையலைத் தொடங்கின. மாண்டோரின் பற்களே அரிசி. உண்டு முடித்ததும் குதிரைச் செவிச் சுருளை வெற்றிலையாகவும், குளம்பைப் பாக்காகவும் கொண்டு தாம்பூலமும் தரித்தன. காப்பிக்கு முன் பல் துலக்கச் சோம்பும் நம்மவர் இவ்விடத்தைச் சற்று நிதானித்து வாசிப்பார்களாக.

மரணத்துக்குப் பின் மதம் மாறுவதில்லை என்பது அடுத்த உண்மை. அங்கே பார்ப்பனப் பேய் பிக்ஷை கேட்கும் முறையில் கேட்டே கூழ் பெறுகிறது. உயிர்க்கொலை மறுக்கும் சமணப் பேய் ஒருபொழுதே உண்ணும். அதற்காக மயிர்கூடப் படாதபடி கூழை வடித்து வார்க்கிறார்கள். போர்க்களத்துக் கூழில் கொலைத்தோஷம் இல்லை, மயிர்த்தோஷம் ஒன்றே உண்டு என்பது அப்பேயின் சித்தாந்தம் போலும்! நம்முள் பலரும் இச்சித்தாந்தத்தை அனுஷ்டிப்பதால் இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

‘இவையெல்லாம் புலவரின் கற்பனை’ என்பாரும் உளர். உலகத்தார் உண்டென்பதை இல்லையென்பவனையே பேயாகக் கருதும்படி வள்ளுவர் விதித்திருப்பதால், அவர்களுக்கு மறுமொழி கூறாமல், பந்தியில் ஓர் இடம் ஒதுக்குவதே முறை.

இடமும் அங்கே தாராளமாக உண்டு. புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், விருந்தாக வந்த பேய் என எல்லாவற்றுக்கும் அதே களத்துக் கூழ்தான் வார்க்கப்படுகிறது. எதுவும் பசியோடு திருப்பி அனுப்பப்படவில்லை. ஆகவே, ஆள் பார்த்து இலை போடும் கலியாண வீட்டாரைப் ‘பேய்கள்’ என்று வைவது தகாது. அத்தகுதி அவர்களுக்கு இன்னும் வரவில்லை.