ஸ்பைனோசாரஸுக்குப் புது வால்

டைனோசர்கள் பூண்டோடு அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் பொம்மைக் கடைக்குப் புது மாடல்கள் வந்தபடிதான் இருக்கின்றன. டைனோசர் பொம்மை சேகரிப்பாளரின் பர்ஸைக் குறிவைத்தே பிறந்தது ஸ்பைனோசாரஸ். 2001-ல் 'ஜுராசிக் பார்க் 3' படத்தில் நெடுங்காலோடு நின்றது; வாங்கினார்கள். 2014-ல் பின்னங்கால் குட்டை என்றார்கள் ஆய்வாளர்கள், மறுபடி வாங்கினார்கள். 2020-ல் மொராக்கோ எலும்புகளைக் காட்டி, வால் துடுப்பு மாதிரி என்றார்கள். ஈறின் சிவப்புச் சாயம் பல்லில் வழிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள், பழைய வாலைப் பொறுப்பார்களா?

1915-ல் தொல்லுயிர் ஆய்வாளர் ஸ்ட்ரோமர் பெயர் சூட்டிய மூல எலும்புகளோ 1944-ல் மியூனிக் குண்டுவீச்சில் போயின. ஒத்துப்பார்க்க மூலமே இல்லை; பொம்மைக் கம்பெனிக்கு இதைவிடத் தோதான பிராணி ஏது? அது நீந்தியதா, கொக்குபோலக் கரையோரம் நின்றே மீன் பிடித்ததா என்று இப்போது சண்டை. எந்தக் கட்சி ஜெயித்தாலும் சரி, முன்பதிவுக்குப் பணம் தயார்.