சாமிக்கு விழப்போகும் 20 கோடி

மாலை போட்டிருக்கீங்களேன்னு சாமின்னு கூப்புடறன். இல்லன்னா இப்ப வேற வார்த்தை வந்திருக்கும். மலை எறங்கி வர்ற வழியில திருவனந்தபுரம் போயி பம்பர் சீட்டு ஒண்ணு வாங்கப்போறதா நேத்து பொழுதுபோன நேரத்துல எங்காதுல மட்டும் சொன்னீங்க. இன்னிக்கு வெடியக்காலம் ஜிப்மர் கேட்டுக்கு எதிர்த்தாப்புல டீ ஆத்தறவரு அதையே எங்காதுல மட்டும் சொல்றாரு. ஒரு ராத்திரி ரகசியம் தங்காத வாய வெச்சிக்கிட்டு கோடியத் தாங்கப் போறீங்களா?

இந்த ஆசை எங்கேந்து வந்துச்சுன்னு தெரியாதா எனக்கு? 2024 ஜனவரியில கேரளாக்காரன் கிறிஸ்துமஸ் புத்தாண்டு பம்பர் குலுக்கினான். சீட்டு 400 ரூபா, மொத பரிசு 20 கோடி. சபரிமலைக்குப் போன நம்ம புதுச்சேரிக்காரர் ஒருத்தர் பத்மநாபசாமி கோயில் பக்கம் வாங்கின சீட்டுக்குத்தான் விழுந்துச்சு. மனுசன் என்னா பண்ணாரு? சீட்டக் குடுத்தாரு, எம்பேரு வெளிய வரக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு, கம்முனு வந்துட்டாரு. கும்புட வேண்டிய ஆளு!

ஆனா அவரு பேரு தெரியாததால நம்ம கோரிமேட்டுல மத்தவன் எவனுக்கும் நிம்மதி இல்லாமப் போச்சு. திண்டிவனம் ரோட்டுல புது ஹெல்மெட் போட்டுக்கிட்டு போனவன்கூட சந்தேகக் கேஸு. பொங்கலுக்கு அடிக்காத சுண்ணாம்பை மாசியில அடிச்சவன் மாட்டிக்கிட்டான். வட்டிக்கு வாங்கி பொண்ணுக்குக் காது குத்தினவன்கிட்ட, வட்டிக்குக் குடுத்தவனே வந்து, "அவ்ளோ கோடிய பட்டானூர் பக்கம் எவன் நெலத்துலடா போட்ட?"ன்னு கேட்டான். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தாண்ட போட்டா நமக்குத் தெரியாதாம்!

கணக்குக்கு வருவோம். அந்த 2024 கணக்குப்படி 20 கோடின்னா ஏஜென்டு கமிஷன் நூத்துக்குப் பத்து போவும். மிச்சத்துல வருமான வரி நூத்துக்கு முப்பது. நிக்கிறது 12 கோடியே 60 லட்சம். அதுக்கும் மேல சர்சார்ஜுன்னு ஒண்ணு வந்து இன்னொரு வாய் கடிக்கும். இதெல்லாம் ஆடிட்டருக்குத் தெரியும், பேங்கு மேனேஜருக்குத் தெரியும். உங்க மச்சானுக்குத் தெரியுமா சாமி? அவரு பங்கு பிரிக்கிறது முழு 20க்குத்தான். நீங்க வரிய எடுத்துச் சொன்னா, "எங்க மாமனுக்கு எப்பலேந்து திருட்டுப்புத்தி?"ம்பாரு. பரிசு விழுந்தவங்க பணத்த எப்படி வெச்சிக்கணும்னு கேரளா கவுருமென்ட்டே வகுப்பு எடுக்க ஏற்பாடு பண்ணுச்சு. நல்ல காரியம்தான். ஆனா மச்சானக் கூப்புட்டு ஒக்காரவெச்சி எடுத்திருந்தாத்தான் பிரயோஜனம்.

2022 ஓணம் பம்பரு கதை ஞாபகம் இருக்கா? 25 கோடி. திருவனந்தபுரத்து ஆட்டோக்காரர் ஒருத்தர், புள்ளையோட உண்டியல ஒடச்சி 500 ரூபாயத் தேத்தி வாங்கின சீட்டு. மலேசியாவுக்கு சமையல் வேலைக்குப் போறதா இருந்தவரு. டிவியில மூஞ்சி வந்துச்சு, அவ்ளோதான். வூட்டு வாசல்ல ஜனம், அந்தண்ட இந்தண்ட போக வழி இல்ல, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னாலும் வெளிய தூக்கிட்டுப் போக முடியல. ஒரு வாரம் ஆவறதுக்குள்ள அவரே, ரெண்டாவது பரிசோ மூணாவதோ விழுந்திருந்தா போதும்னு பொலம்பினாரு. அப்ப பணம் இன்னும் கைக்கே வரல, கவனிச்சீங்களா? சேதிதான் வந்திருந்துச்சு. அதுக்கே மனுசன் வூட்ட வுட்டு ஓடவேண்டியதாச்சு.

நம்மூருக்கும் பரிசு விழாம இல்ல. 1962ல பிரஞ்சுக்காரன் சட்டப்படி ஊர ஒப்படைச்சப்போ, பிரஞ்சுக் குடியுரிமை வேணும்னவங்க ஆறு மாசத்துக்குள்ள கையெழுத்துப் போடலாம்னான். போட்டவங்கள்ல பிரஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா வூடுங்க நெறைய. இந்தோசீனா போனவங்க, அல்ஜீரியா போனவங்க. அந்த வூடுங்கள்ல தாத்தாவுக்கு நடந்த மரியாதையப் பாத்திருக்கன். பென்ஷன் மாசாமாசம் வரும். வருசத்துக்கு ஒரு தடவ, உசுரோடதான் இருக்கன்னு அவரு காயிதம் குடுக்கணும். அதனால தாத்தா ரெண்டு தும்மு தும்மினா மருமவ ஆட்டோ புடிச்சி ஜிப்மர்ல கொண்டாந்து நிறுத்திடும். சொட்டுச்சொட்டா வர்ற பணம், கெழவனையும் அக்கறையா பாக்கவைக்கும். மொத்தமா வந்திருந்தா? காரியத்துக்குப் பந்தல்காரன்கிட்ட பேரம் பேச ஆரம்பிச்சிருப்பாங்க. என்னப் பாருங்க, பென்ஷனும் கெடயாது ஒண்ணும் கெடயாது, மூணு நாளா இருமறன். எவனாவது ஆட்டோ கூப்புட்டீங்களா?

பணம் வந்தும் கொலையாதவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. 2023ல மலப்புறம் ஜில்லா பரப்பனங்காடியில குப்பை எடுக்கிற பொம்பளைங்க 11 பேரு சேந்து 250 ரூபா சீட்டு ஒண்ணு வாங்கினாங்க. ஒம்போது பேரு ஆளுக்கு 25. மிச்ச ரெண்டு பேருகிட்ட அதுவும் இல்ல, பன்னெண்டரை பன்னெண்டரையாப் போட்டாங்க. விழுந்துச்சு 10 கோடி. போட்ட காசுக்கு ஏத்த பங்கு, சண்ட இல்ல. பழையபடி வேலைக்கும் வந்துட்டாங்க. நானும் யோசிச்சிப் பாத்தன், அது எப்படிடா முடிஞ்சுதுன்னு. அந்தப் பதினோரு பேருல மச்சான் ஒருத்தனும் இல்ல பாருங்க.

சரி, சாமி முடிவு பண்ணிட்டீங்க, நான் சொல்லியா கேக்கப் போறீங்க. வாங்கின ஒடனே சீட்டுக்குப் பின்னாடி பேரெழுதி கையெழுத்துப் போட்டுடுங்க. போட்டோ புடிச்சி வாட்ஸ்அப்புல போடாதீங்க. நம்பர மச்சான்கிட்ட படிச்சிக் காட்டாதீங்க. இந்தாங்க, 200 ரூபா. எண்ணிப் பாத்துக்குங்க. பாதி சீட்டு என்னுதுன்னு ஒரு துண்டுக் காயிதத்துல எழுதிக் குடுத்துட்டு மலையேறுங்க. எதுக்குக் காசுன்னு உங்க ஆயா கேட்டா, நெய்த்தேங்காய்க்குத் தாத்தா குடுத்தாருன்னு சொல்லிடுங்க.