ஆறுமணி அண்ணாச்சி

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் தெருவில் யாராவது வேலியோரம் குனிந்து நின்றால் முன்பெல்லாம் நாய்கள் குரைக்கும். இப்போது குரைப்பதில்லை. அண்ணாச்சிதான் என்று அவற்றுக்கும் பழகிவிட்டது.

பாளையங்கோட்டையில் மட்டுமில்லை, பென்ஷன் பட்டுவாடா ஆகிற எந்த ஊரிலும் இப்போது இப்படி ஒருத்தர் உண்டு. மண்கலரில் தொப்பி, அதே கலரில் சட்டை, எண்ண முடியாத பைகள் வைத்த கால்சட்டை, கழுத்தில் பைனாகுலர். பறவை கண்ணில் படக்கூடாது என்பதற்காக இந்த உடுப்பாம். பறவை கண்ணில் படுகிறதோ இல்லையோ, தெருவில் அத்தனை பேர் கண்ணிலும் பட்டுவிடுகிறது. எங்கள் அண்ணாச்சி 34 வருஷம் வங்கியில் கேஷ் பார்த்தவர். ரிட்டையர் ஆன மறுமாசமே பைனாகுலர் வாங்கினார். அதை யாராவது பைனாகுலர் என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும். 'எட்டுக்கு நாற்பத்திரண்டு' என்பார், மனை அளவு சொல்வதுபோல.

ஒருநாள் அதை என் கண்ணிலும் மாட்டினார். முதலில் எனக்குத் தெரிந்தது என் இமைமயிர்தான், கருவேலங்காடு மாதிரி.

"வேப்பமரம் தெரியுதா வே?"

"தெரியுது அண்ணாச்சி."

"ரெண்டாவது கவை. அதுல பத்து மணிக்குப் பாரும்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழுகூட ஆகவில்லை.

"நேரம் இல்ல வே, திசை! முள்ளு பத்துல நின்னா எங்க காட்டும்? அங்க ஒரு இலை ஆடுதுல்லா, அதுக்குப் பின்னால இன்னொரு இலை. அது இலை இல்ல, குக்குறுவான்."

நான் கண்டுபிடித்துப் பார்த்தபோது அது இலையாகத்தான் இருந்தது. குக்குறுவான் பறந்து போயிருந்தது. அன்றையிலிருந்து அவர் எதைக் காட்டினாலும் "ஆகா, என்ன அழகு அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவது. காபி ஆறுவதற்குள் வீட்டுக்குப் போகலாம்.

அவருக்குப் பிடித்திருக்கும் சீக்குக்குப் பெயர் பட்டியல். வாழ்நாளில் முதல்தடவையாகப் பார்க்கிற பறவைக்கு இவர்கள் கூட்டத்தில் 'லைஃபர்' என்று பெயர். வாசலில் ஒரு கொண்டலாத்தி வந்து கொண்டையை விசிறி மாதிரி விரித்து மடக்கி அரைமணி நேரம் நடந்தாலும், "அது பழசு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். எண்ணிக் கட்டிய நோட்டுக்கட்டை மறுபடி எதற்கு அவிழ்க்க வேண்டும்? இந்தக் கணக்கெல்லாம் செல்போனில் இ-பேர்டு செயலியில் ஏறுகிறது. கல்லூரியில் படிக்கும் பையன் ஒருத்தன் இவரைவிட 27 பறவை கூடுதலாக ஏற்றியிருக்கிறான் என்பது அண்ணாச்சிக்கு ரத்த அழுத்தத்தோடு சேர்ந்த விஷயம்.

அந்தப் பையன்தான் ஒருமுறை மானத்தையும் வாங்கினான். முருங்கைமரத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளியும் வரியுமாக ஒரு பழுப்புப் பறவையைப் படமெடுத்து, "திருநெல்வேலி மாவட்டத்துக்கே புதுசு" என்று வாட்ஸாப் குழுவில் போட்டார் அண்ணாச்சி. பத்து நிமிஷம் பாராட்டு மழை. பதினோராம் நிமிஷம் பையன் எழுதினான்: "ஐயா, இது பெண் குயில்." கறுப்பாக இருந்து கத்துகிறதெல்லாம் ஆண். பெண் புள்ளிச்சேலை கட்டிக்கொண்டு காக்கைக் கூட்டில் முட்டையிட நேரம் பார்த்துக் கிளைக்குள் இருக்கும். இரண்டு நாள் அண்ணாச்சி வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் குயில் கூவியபோது ஜன்னலைச் சாத்தினார் என்று மதினி சொன்னாள்.

மதினி பாவம். பொங்கல் விடுமுறையில் நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 2015-லிருந்து தமிழ்நாடு முழுக்கச் செய்கிறார்கள். ஓர் இடத்தில் பதினைந்து நிமிஷமாவது நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி எழுத வேண்டும். நல்ல காரியம்தான். ஆனால் அண்ணாச்சி அந்தப் பதினைந்து நிமிஷத்தைத் தைப்பொங்கல் அன்று, சூரியன் உதிக்கிற நேரத்தில், பானை ஏறிய சொந்த வாசலிலேயே தொடங்கினார். பானை விளிம்பில் நுரை ஏறுகிறது. மதினியும் மருமகளும் குலவை போட நாக்கைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி கையை உயர்த்தி, "இன்னும் நாலு நிமிஷம், யாரும் வாயைத் திறக்கப்பிடாது!" பானை யாருக்குக் காத்திருக்கும்? சத்தமே இல்லாமல் பொங்கி, சத்தமே இல்லாமல் வழிந்து, அடுப்பை அணைத்தது. அந்தப் பட்டியலை நான் பார்த்தேன்: காக்கை 11, தவிட்டுக்குருவி 7, மைனா 4.

மற்ற உயிர்கள் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. ராத்திரி ஓட்டின் மேல் ஓடிப் பப்பாளியைக் காலி செய்யும் மரநாயை மதினிதான் டார்ச் அடித்துப் பார்த்து, குட்டி எத்தனை என்பதுவரை சொல்வாள். தெருவைத் தாண்டும் கீரிப்பிள்ளைக்கும் அவள்தான் நின்று வழிவிடுவாள். "இறக்கை இல்லையே" என்பார் அண்ணாச்சி.

பேச்சுக்குப் பேச்சு இரண்டு பெரிய மனிதர்களை இழுப்பார். ஒருவர் மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், 1950-லிருந்து 1996-ல் சாகிறவரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் காட்டையும் தோட்டத்தையும் பற்றி எழுதியவர். "நம்ம ஊர்க்காரர் வே" என்று சொல்லும்போது அண்ணாச்சிக்கே அதில் ஒரு பங்கு கிடைத்துவிடும். இன்னொருவர் சலீம் அலி. சின்ன வயதில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு, கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருக்கிறதே, இதென்ன ஜாதி என்று விசாரிக்கப் போய்த்தான் அவர் பறவைக்காரரானார். "நானும் சின்னதுல கவண் வச்சிருந்தேன்" என்பார் அண்ணாச்சி. ஒற்றுமை அத்தோடு முடிகிறது. அண்ணாச்சி அடித்ததை விசாரித்ததில்லை, வறுத்தார்.

இத்தனைக்கும் நடுவே அவர் நெஞ்சில் தைத்த முள் ஒன்று: ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, வயிறு சந்தன மஞ்சள், இறக்கையில் நீலம், வாலடி சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. வால் மட்டும் துணி பற்றாமல் போனதுபோல் கட்டை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்துக்குத் தெற்கே இறங்கிவிடும். காலையிலும் அந்தியிலும் ஆறு மணிவாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். அண்ணாச்சி மூன்று வருஷம் தேடியும் கண்ணில் படவில்லை. ஏக்கம் தாங்காமல் அதன் குரலைச் செல்போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டார். குரலை ஒலிபரப்பிப் பறவையை ஏமாற்றக்கூடாது என்று குழுவில் நீண்ட அறிவுரை எழுதியவரும் அவரேதான். மதினி தக்காளி வாங்கிவரச் சொல்லும்போதெல்லாம் எங்கள் தெருவில் ஆறுமணிக்குருவி பத்தரைக்கும் கூவும், மூன்றேகாலுக்கும் கூவும்.

போன மார்கழியில் கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்து இறங்கியிருப்பதாகத் தகவல் வந்து, அண்ணாச்சி நாலு பேரோடு கார் பிடித்துப் போனார். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும் ஊர் அது. தாய்வீட்டுக்குப் பிள்ளைப்பேறுக்கு வந்த மகளைப்போல ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்று காலை நான் பல் தேய்த்துக்கொண்டு புறவாசலுக்குப் போனால், துவைகல்லுக்கும் வாழைக்கும் நடுவில் ஒன்று சருகைப் புரட்டிப் புரட்டித் தின்றுகொண்டிருக்கிறது. பச்சை, நீலம், சிவப்பு. கட்டை வால்.

"அம்மா, இது..."

"அந்தக் குருவியா? ஐப்பசியில இருந்தே கெடக்கு. வருசா வருசம் வரும். நீயும் கேக்கல, நானும் சொல்லல."

அண்ணாச்சிக்குப் போன் அடித்தேன். அங்கே குளக்கரையில் அது ஆறுமணிக்குருவியாகக் கூவ, உடன் போன நாலு பேரும் பைனாகுலரைத் தூக்கிவிட்டார்களாம். விஷயத்தைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வாத்தை நேராகப் பார்த்தாரோ என்னவோ, நாலரைக்கு எங்கள் புறவாசலில் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பேசக்கூடாது என்றார். கொடியில் காய்ந்த என் சிவப்புத் துண்டை எடுக்கச் சொன்னார். அம்மா கொண்டுவந்த காபியை உறிஞ்சாமல் குடித்தார்.

ஆறு மணி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எட்டுக்கு நாற்பத்திரண்டை மதில்மேல் சாய்ந்த முருங்கையில் திருப்பிக் கிளை கிளையாகத் துழாவினார். குருவி அவர் செருப்புக்கு மூன்றடி தள்ளி நடந்து வந்தது. நான் கண்ணால் காட்டினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு புழுவை இழுத்து விழுங்கிவிட்டு, வாழைமூட்டுக்குப் பின்னால் போய்த் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கணீரென்று இரட்டைச் சீழ்க்கை அடித்தது.

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ... ஆரு? சத்தமாப் பேசும் வே, கேக்கல."

வாழைக்குப் பின்னாலிருந்து இன்னொரு சீழ்க்கை.

"லைன் சரியில்ல" என்றார் அம்மாவிடம்.