பாரிஸ் மச்சானும் செம்மண் ஓடையும்

பாரிஸிலிருந்து மச்சான் வந்தால் புதுச்சேரியில் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக்கு சீஸும் சென்ட் பாட்டிலும் வரும். 2024 நவம்பர் கடைசியில் வந்தவன் பெட்டியைத் திறந்தால், முப்பது மீட்டர் கயிறு, தலையில் மாட்டும் விளக்கு, காளைக்கு லாடம் கட்டியதுபோல் கனத்த பூட்ஸ்.

"அத்தை, ஆரோவில் பக்கம் கேன்யன் இருக்காமே?"

அம்மா என்னைப் பார்த்தார். "செம்மண் ஓடையைச் சொல்றான்மா" என்றேன்.

"அதுக்கு எதுக்குப்பா கயிறு? ஆடு மேய்க்கிறவங்க வெறுங்காலோட இறங்கி ஏறுவாங்களே."

மச்சான் அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்து ஆண்டிலோப் கேன்யனுக்குப் போய் வந்தவன். கையை நீட்டினால் இரண்டு பக்கப் பாறையும் தொடுமாம். அங்கே பாறையை அறுக்கத் தண்ணீருக்கு யுகக்கணக்கில் ஆனது. நம் ஊரில் அவ்வளவு பொறுமை தேவைப்படவில்லை. மரத்தை வெட்டியதே போதுமாக இருந்தது, மீதியை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு ஏறக்குறைய பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்தோடிக் கடலே சிவக்கும். பிறகு வரப்பு போட்டு, மரம் நட்டு மண்ணைப் பிடித்து வைத்தார்கள். பிடிபடாமல் மிஞ்சிய பள்ளங்கள்தான் மச்சானின் கேன்யன்.

வியாழக்கிழமை போவதாக இருந்தோம். வங்கக்கடலில் நின்ற தாழ்வு மண்டலம் புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், கொஞ்ச நேரம் ஆகிவிட்டு வலுவிழக்கும் என்றார்கள். எங்கள் பயணமும் வெள்ளிக்கும் சனிக்கும் தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை அது புயலாகி, சவூதி அரேபியா கொடுத்த ஃபெஞ்சல் என்ற பெயரைச் சூடிக்கொண்டது. சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையேறி, அங்கேயே நின்றுவிட்டது. ஆக, அந்த வாரம் எங்களுக்கு இரண்டு விருந்தாளிகள். இருவருமே நகர மறுத்தார்கள். ஒரே நாளில் 48 செ.மீ. மழை.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால், எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு பக்கமும் மதில், நடுவில் நாலடி அகலம். மச்சான் கைகளை விரித்துப் பார்த்தான். இரண்டு சுவரும் தொட்டன.

பால் வாங்க அவன்தான் கிளம்பினான், பூட்ஸோடு. "தண்ணி உள்ளயே போகாது மச்சான், கியாரண்டி" என்றான். மேல்பக்கமாகப் போயிற்று. போன தண்ணீர், கியாரண்டிப்படி, வெளியே வரவில்லை. ஆளுக்கொரு கால் பிடித்து நாங்கள்தான் கழற்றினோம். கயிறும் வீண்போகவில்லை, கூடத்தில் குறுக்காகக் கட்டி ஈரத்துணி காயப்போட்டார் அம்மா.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. "இப்பப் போகலாம் அத்தை, வானம் தெளிஞ்சிடுச்சு!" என்று விளக்கைத் தலையில் மாட்டினான் மச்சான். அம்மா வானத்தைப் பார்க்கவில்லை. பாகூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார்.

"கோழிங்களோட மொட்டை மாடியில உக்காந்திருக்கேன்கா" என்றார் சித்தி. மழை நின்ற பிறகுதான் அங்கே வெள்ளமே வந்தது. திருவண்ணாமலைப் பக்கம் கொட்டியதில் சாத்தனூர் அணை நிரம்பி, விடியுமுன் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டிருந்தார்கள். தென்பெண்ணை கரை தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது.

மச்சான் விளக்கைக் கழற்றினான். ஆண்டிலோப்பில் வழிகாட்டி சொன்னது அவனுக்கு அப்போதுதான் உறைத்ததாம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அந்த இடுக்கில் 11 சுற்றுலாப் பயணிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. பெருமழை பெய்ததோ எத்தனையோ மைல் தள்ளி. "தலைக்கு மேல வானத்தைப் பாக்காதே, மேட்டுல விசாரின்னாரு. கைடுக்குக் காசு கொடுத்துக் கேட்டும் மண்டையில ஏறல. அத்தை ஒரு போன்ல முடிச்சிட்டாங்க."

ஈர மண் எப்போது சரியும் என்று யார் கண்டது? ஓடைப் பக்கமே போகாமல் அவன் விமானம் ஏறினான். பூட்ஸில் அம்மா கற்பூரவல்லி வைத்திருக்கிறார். நன்றாகத் தழைக்கிறது, வாட்டர் ப்ரூஃப் என்பதால் அடியில் ஓட்டை மட்டும் போட வேண்டியிருந்தது.

இப்போதும் ஐப்பசி பிறந்தால் பாரிஸிலிருந்து போன் வரும். "அங்க மழையா?" என்று கேட்பதில்லை அவன்.

"சாத்தனூர்ல எத்தனை அடி மச்சான்?"